புரட்டாசி மலையில் பறவை கேட்டல்: ஒரு சிற்றாராய்ச்சி

பறவை பார்க்க மலையேறுகிறவர் முதலில் பழக்க வேண்டியது காதை. இந்த முறைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே மூத்த சான்று உண்டு. திருப்பாவையின் ஆறாம், ஏழாம் பாடல்களில் பொழுது விடிந்ததற்கு ஆண்டாள் காட்டும் சாட்சிகளில் முதலாவது பறவையொலிதான். ஏழாவதில் ஆனைச்சாத்தனைப் பெயர் சொல்லியே குறிக்கிறாள். அது கரிச்சான் என்பாருண்டு. இருள் பிரியுமுன்பே குரல் கொடுக்கும் பறவை கரிச்சான் என்பதால் எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

செண்பகத்தோப்பு, ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் ஆற்றோரம், தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு ஏறும் பாதை என எங்கே நடந்தாலும் புரட்டாசி நல்ல மாதம். தென்மேற்குச் சாரல் தணிந்திருக்கும். ஐப்பசி அடைமழை தொடங்கியிராது. வடக்கிலிருந்து வலசை வருபவற்றில் முந்திக்கொள்வது கரும்சாம்பல் வாலாட்டி. எடை 20 கிராம் அளவுதான். இமயத்திலும் அதற்கு அப்பாலும் குஞ்சு பொரித்துவிட்டு, நம் ஓடைப் பாறைகளில் வாலை ஆட்டிக்கொண்டு பூச்சி பிடிக்க வந்துவிடுகிறது. நீரின் இரைச்சலையும் மீறிக் கேட்கும் அதன் கூரிய குரலைப் பிடித்த பிறகு பாறையில் தேடினால் போதும்.

அடுத்து வரும் இலைக்கதிர்க்குருவிகளை உருவத்தால் பிரித்தறிவது தேர்ந்தவருக்கும் கடினம், குரல்தான் காட்டிக்கொடுக்கும். ஐப்பசி நெருங்கும்போது ஆறுமணிக்குருவி வந்து, காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் விசிலடிக்கும். மேலே பசுமைமாறாக் காட்டில் பறக்கும் இருவாச்சியின் இறக்கையோசை, பறவை கண்ணில் படுமுன்பே வந்து சேரும்.

ஆனால் காதும் ஏமாறும். துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரலை அச்சு அசலாக எடுத்து ஒலிக்கும். உச்சிக்கிளையில் கடகடவென்று எழும் சத்தம் பறவையே அல்லாமல் நரை அணிலாகவும் இருக்கலாம். அந்த அணிலுக்காகத்தான் 1988இல் இந்தக் காடு சரணாலயமானது. 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. ஆகவே காதால் குறித்ததைக் கண்ணால் உறுதிசெய்தே ஏட்டில் எழுத வேண்டும்.

மகாளய அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வனத்துறை அனுமதிக்கும் நாளில், அனுமதிக்கும் பாதையில் ஏறுங்கள். செல்போனில் பாட்டு வைக்காதீர்கள். அது பக்திப் பாட்டாக இருந்தாலும் அடிவாரத்திலேயே நிறுத்திவிடுங்கள்.