அரவ நடுக்கவியலுக்கு ஓர் அறிமுகம்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது படையைப் பற்றிய செய்தி. பாம்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. வாளும் வேலும் யானையும் குதிரையுமாக ஒரு கூட்டம் தன்னை நோக்கி வருகையில், கையும் காலும் இல்லாத அந்தப் பிராணி என்ன பாடுபட்டிருக்கும் என்று எந்த உரையாசிரியரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. இந்தக் குறையை நிறைவு செய்யவே ஒரு புதிய துறையை முன்மொழிகிறேன். பெயர் அரவ நடுக்கவியல். பல்கலைக்கழகங்கள் இதற்கு இன்னும் இருக்கை ஒதுக்கவில்லை. அவசரமும் இல்லை.

முதலில் ஆய்வுக்குரிய உயிர் எது என்று வரையறுத்துக்கொள்வோம். வளர்ப்புப் பாம்பு என்றதும் நம்மூர் நல்ல பாம்பையும் சாரையையும் நினைக்க வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றை வீட்டில் வைத்துக்கொள்ள இடம் தராது. ஆகவே நம் களம் கடல் கடந்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கூடத்தின் ஓரத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் குடியிருக்கும் பந்து மலைப்பாம்பே நம் ஆய்வுயிர். சொந்த ஊர் கானா, டோகோ, பெனின் உள்ளிட்ட ஆப்பிரிக்க நாடுகள். ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேயர் 1802இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது ‘அரச’ என்ற அடைமொழியைக் கொடுத்துவிட்டுப் போனார். அரசருக்கு வேண்டிய லட்சணம் ஒன்றும் இதனிடம் இல்லை. மூன்று முதல் ஐந்தடி நீளம், நஞ்சு கிடையாது. ஆபத்து என்று பட்டால் தலையை நடுவில் புதைத்து, உடம்பை இறுகச் சுருட்டி, உருண்டையாகிவிடும். இதுதான் அரசரின் போர்த்தந்திரம். பெனின் நாட்டு விதா நகரில் இந்த இனத்துக்கு ஒரு கோயிலே இருக்கிறது. அங்கே கும்பிடப்படுவதும், டல்லாஸ் நகரில் என் தம்பி மகன் வீட்டில் எலி தின்ன மறுத்து உம்மென்று கிடப்பதும் ஒரே சாதி.

அந்த டல்லாஸ் பாம்புதான் இக்கட்டுரைக்கு ஆதாரம். பெயர் நாகராஜன். கள ஆய்வு முழுவதையும் வாட்ஸ்அப் காணொளி அழைப்பில் நடத்தினேன். பாம்புக்கும் ஆய்வாளருக்கும் இடையே எப்போதும் சுமார் பதினைந்தாயிரம் கிலோமீட்டர் இருந்தது. இதை ஆய்வின் குறை என்று சொல்வோர் பாம்போடு ஒரே அறையில் இருந்து எழுதட்டும்.

இனி அறிகுறிகள். பாம்புக்குக் கண்ணிமை இல்லை. கண்ணை மூடியிருப்பது ஒரு கண்ணாடிச் செதில். புருவமும் உதட்டசைவும் இல்லாததால் முகபாவத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. நவரசத்தில் அச்சம் ஒன்றைத்தான் அது அபிநயிக்கும், அதையும் கழுத்தால். கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, வளைத்து மடித்து வைத்துக்கொண்டால் பாய ஆயத்தம் என்று பொருள். மூச்சு வேகமாகும், சீறும், தொட்டால் வெடுக்கென்று உதறும், மிகவும் மிரண்டால் நாற்றமுள்ள ஒரு திரவத்தைப் பீச்சும். இத்தனைக்குப் பிறகும் ‘கோபக்காரப் பாம்பு’ என்று அதற்குப் பெயர். பயத்தில் கொத்தும் பாம்பு கடித்த மாத்திரத்தில் விட்டுவிடும். இரை என்று நினைத்துக் கொத்தினால்தான் பிடித்துச் சுற்றும். முதலாவது ‘கிட்டே வராதே’ என்பது, இரண்டாவது ‘சாப்பாடு வந்துவிட்டது’ என்பது. கடிபட்டவர் அந்த நேரத்தில் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. கையை இழுக்காமல் இருக்கவாவது அவருக்குத் தெரிய வேண்டும். பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுத்தால் கிழியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இனப்பெருக்கம் செய்விப்பவர்கள் விதவிதமான நிறங்களில் இப்பாம்பை உண்டாக்கி விற்கிறார்கள். அவற்றில் ‘ஸ்பைடர்’ எனப்படும் வகைக்குத் தலை தானாகவே ஆடும். அது அச்சமன்று, அந்த நிறத்தோடு சேர்ந்தே வரும் நரம்புக் கோளாறு. அழகான கோலத்துக்காகத் தலை நிற்காத உயிரை வேண்டுமென்றே பிறப்பிப்பது எந்த இயலிலும் நியாயமாகாது. நம் இயலில் அதற்கு இடமில்லை.

நடுக்கத்தைத் தணிப்பதெப்படி? இசையால் என்பார் ஒரு சாரார். புன்னாகவராளி வாசித்தால் பாம்பு மயங்கும் என்பது நம்மவர் நெடுங்கால நம்பிக்கை. சில வீடுகளில் இருட்டியபின் அந்த ராகத்தைப் பாடவே விடமாட்டார்கள். நாகராஜன் முன்னால் அதைக் கைபேசியில் ஒலிக்கச் செய்து பார்க்கும்படி தம்பி மகனிடம் சொன்னேன். பாம்பு மயங்கவில்லை, கிளர்ச்சியும் அடையவில்லை. மாடியில் குடியிருந்தவர் மட்டும் கீழே இறங்கிவந்து விசாரித்தார். காரணம் இருக்கிறது. பாம்புக்கு வெளிக்காதும் செவிப்பறையும் கிடையாது. தரையின் அதிர்வு தாடையெலும்பு வழியாக உட்செவிக்குப் போகிறது. டென்மார்க் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதே பந்து மலைப்பாம்பின் மேல் செய்யப்பட்டது. 80 முதல் 160 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அதிர்வுகள்தான் அதற்கு நன்றாக எட்டுகின்றன, காற்றில் வரும் ஒலி சுமாராகத்தான் எட்டுகிறது என்று கண்டார்கள். மகுடிக்கு ஆடிய நல்ல பாம்பும் இசையை ரசித்ததில்லை, கண்ணுக்கு முன்னால் அசைந்த குழலைக் கண்காணித்துக்கொண்டிருந்தது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. ஒன்று, கச்சேரியில் பாம்பைக் கவரும் வாய்ப்பு யாருக்காவது இருந்தால் அது பாடகருக்கு அன்று, மிருதங்கத்தின் தொப்பிக்கே. இரண்டு, ஆணின் பேச்சுக்குரல் பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த எல்லையில் தொடங்குவது, பெண்குரல் அதற்கு மேலே. ஆகவே வீட்டில் தன் பேச்சு யார் காதிலும் விழுவதில்லை என்று புலம்பும் குடும்பத்தலைவர் ஒரு பந்து மலைப்பாம்பு வாங்கிக்கொள்ளலாம். கேட்டபடி நடக்குமா என்பது வேறு விஷயம்.

பால் வார்த்தால் பணியும் என்பார் இன்னொரு சாரார். பாம்புக்குப் பால் உணவே அன்று. பால் குடித்த பாம்பு என்று நாம் பார்த்ததெல்லாம் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்த பாம்பு. மேலே செல்வோம்.

மூன்றாவது சாரார் பாம்பு வளர்ப்பவர்கள். அவர்கள் வைத்தியத்தின் முதல் மருந்து, ஒன்றும் செய்யாதிருத்தல். புதுப்பாம்பு வீட்டுக்கு வந்தால் ஒன்றிரண்டு வாரம் அதைத் தொடவே கூடாது. தண்ணீர் மாற்றலாம், பெட்டியைத் துடைக்கலாம், அதற்குமேல் உறவு கொண்டாடக்கூடாது. பெட்டியில் வெப்பமான மூலை ஒன்றும் குளிர்ந்த மூலை ஒன்றும் வேண்டும். வெப்பப் பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25ஐ ஒட்டி. இரண்டிலும் ஒளிய ஒவ்வொரு மறைவிடம். ஒரே ஒரு மறைவிடம் வைத்தால் பாம்புக்குத் தர்மசங்கடம்: பயம் தீர வேண்டுமானால் குளிரைப் பொறுக்க வேண்டும், குளிர் தீர வேண்டுமானால் பயத்தைப் பொறுக்க வேண்டும். மிரளும் பாம்பில் பாதி, பெட்டி சரியில்லாத பாம்பு என்பது அனுபவசாலிகள் கருத்து. ஆசையோடு வாங்கிய பெரிய கண்ணாடி மாளிகையை விட, உடம்பு நாலாபுறமும் உரசும்படியான இருட்டுப் பொந்தே அதற்குச் சொர்க்கம். எலிவளையிலும் கறையான் புற்றிலும் பகலைக் கழிக்கும் பிறவி அது. வரவேற்பறையின் நடுவில் வைத்து விருந்தாளிகளுக்குக் காட்டுவது நம் ஆசைதானே ஒழிய அதன் ஆசையன்று.

பிறகு கை. கையை மேலிருந்து இறக்கக்கூடாது. மேலிருந்து வருவது பருந்து என்பது அதன் பரம்பரை அறிவு. பக்கவாட்டில் மெதுவாகக் கொண்டுபோய், தலையை விட்டு உடம்பின் நடுப்பகுதியைத் தாங்கி எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் கையைக் கழுவுக. எலியின் வாசனை கையில் இருந்தால் கையும் எலிதான். நாக்கை நீட்டி நீட்டி அது காற்றிலிருந்து வாங்கும் வாசனைத் துகள்களை மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பு படித்துச் சொல்கிறது. போதாததற்கு மேலுதட்டில் வரிசையாகச் சில குழிகள், வெப்பத்தை உணர. இருட்டில் நம் விரல்கள் அதற்குக் கொழுத்த ஐந்து எலிக்குஞ்சுகளாகத் தெரிந்தால் பிழை அதன்மேல் இல்லை. அதனால்தான் சிலர் முதலில் ஒரு வளைகம்பியால் உடம்பை லேசாகத் தொட்டு, ‘இது சாப்பாடு அன்று, சந்திப்பு’ என்று அறிவிக்கிறார்கள். பழகியபின் பாம்புக்கு அது புரிந்துவிடுகிறதாம். எடுத்தபின்னும் கையைக் கழுவுக. இம்முறை காரணம் சால்மோனெல்லா என்ற கிருமி.

இரை தின்றபின் 48 மணி நேரம் தூக்கக்கூடாது, தூக்கினால் கக்கிவிடும். சட்டை உரிக்கும் முன் கண் பாலாடை படர்ந்ததுபோல் நீலம் பாரிக்கும், அப்போது பார்வை மங்கல், அந்நாட்களிலும் தூக்கக்கூடாது. ஆக வாரத்தில் பாம்பைத் தொடக்கூடாத நேரங்களைக் கழித்துப் பார்த்தால், பஞ்சாங்கத்தில் ராகுகாலம், எமகண்டம், குளிகை எல்லாம் போக மிஞ்சும் நல்ல நேரம் அளவே தேறும். தேறிய நேரத்திலும் தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும் என்கிறார்கள்.

இத்தனை விதிகளையும் கூட்டிக் கழித்துப் பார்த்தபோதுதான் இத்துறையின் மூலக்கோட்பாடு எனக்குப் பிடிபட்டது. இவற்றில் பாம்பு செய்ய வேண்டியது என்று ஒன்றுகூட இல்லை. மெல்ல வா, மேலிருந்து வராதே, கழுவு, காத்திரு, ஆட்டாதே, அவசரப்படாதே எல்லாம் மனிதனுக்கு இட்ட கட்டளைகள். பாம்பைப் பழக்குதல் என்ற பெயரில் பழக்கப்படுவது யார் என்பதில் இனி ஐயமில்லை. இதனை நூற்பாவாக யாத்திருக்கிறேன்:

நடுங்கும் கைக்கு நடுங்கும் அரவம்;
அடங்கும் கைக்கு அடங்கும் என்ப.

இதன் உரை வருமாறு. கை நடுங்கினால் அந்த அதிர்வு பாம்பின் உடம்புக்கும், அங்கிருந்து உட்செவிக்கும் போகிறது. அது மிரண்டு உடம்பை இறுக்கும். இறுக்கியதைக் கண்டு மனிதன் மேலும் நடுங்குவான். இது நடுக்கச் சுழற்சி எனப்படும். சுழற்சியை முறிக்க வல்லவர் இருவரில் ஒருவரே, ஏனெனில் மற்றவருக்குக் கட்டுரை படிக்கத் தெரியாது. ‘என்ப’ என்று பிறர்மேல் வைத்துச் சொன்னது, ஆசிரியர் தாமே கைவைத்துப் பார்த்திலர் ஆகலின்.

கோட்பாட்டுக்குச் சான்று நம் இருளர்களிடம் இருக்கிறது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் நச்சுப்பாம்புகளைப் பிடித்து நஞ்செடுத்துத் திரும்பக் காட்டில் விட்டுவருகிறது. அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017இல் புளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, முயலும் ரக்கூனும் கண்ணில் படாமல் போயிருந்தன. இருவரும் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் நம் இயலுக்கு முக்கியமான கேள்வி, ஆசியப் பாம்பு அமெரிக்கச் சதுப்புக்கு எப்படி வந்தது என்பது. செல்லமாக வாங்கி வளர்க்கப்பட்டவை. குட்டியாக இருந்தது பதினைந்தடியாக வளர்ந்ததும் வளர்த்தவருக்கு நடுக்கம் கண்டு, இரவோடிரவாகக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். தப்பியோடியவையும் உண்டு. ஒரு சதுப்புநிலமே சீரழிந்ததில் மனித நடுக்கத்தின் பங்கு அவ்வளவு, பாம்பு எங்கும் நடுங்கியதாகக் குறிப்பில்லை.

கையளவில் சோதித்துப் பார்க்கவும் வாய்ப்புக் கிடைத்தது. தம்பி மனைவி ஆறுமாத விசாவில் மகன் வீட்டுக்குப் போனாள். பாம்பை எடுத்து எறியும்வரை உள்ளே கால் வைக்கமாட்டேன் என்று வாசலில் நின்றவள், குளிர் தாங்காமல் உள்ளே வந்தாள். முதல் மாதம் பெட்டிக்குத் திருநீறு பூசினாள். இரண்டாம் மாதம் தண்ணீர் வைத்தாள். மூன்றாம் மாதம், சோபாவில் அசையாமல் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தவள் மடியில் தம்பி மகன் நாகராஜனை விட்டுவிட்டான். திரையில் மாமியார் மயங்கி விழும் கட்டம், அவள் குனிந்து பார்க்கவில்லை. பாம்பு முழங்கை வழியே ஏறி, தோளில் சாய்ந்து, விளம்பர இடைவேளை வரை அசையாமல் கிடந்தது. “பெரியப்பா, ஆறு மாசமா என்கிட்ட இப்படி இருந்ததே இல்லை!” என்றான் பையன். பாம்புக்கு அவள் ஒரு மரக்கிளை. மரக்கிளைக்கு வேண்டிய குணங்கள் சூடும் அசையாமையும் அக்கறையின்மையும். மூன்றும் ஒருங்கே வாய்ப்பது அரிது.

ஆய்வு இத்துடன் முடியவில்லை. பந்து மலைப்பாம்பு வளர்ப்பில் இருபது, முப்பது ஆண்டு உயிரோடிருக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் அறுபது வயது தாண்டிய ஒன்று 2020இல் முட்டையே இட்டது, அதுவும் பல ஆண்டுகளாக ஆண் துணை இன்றி. நாகராஜனுக்கு வயது நான்கு. பையனுக்கு இருபத்தொன்பது, பெண் பார்க்கிறார்கள். சம்பளம், குடியுரிமை, நட்சத்திரம் எல்லாம் பொருந்தி வந்த ஓர் இடத்தில், காணொளி அழைப்பில் பின்னால் தெரிந்த பெட்டியைப் பெண்ணின் அத்தை கவனித்துவிட்டார். “அது என்ன தம்பி, மீன் தொட்டியா?” என்று கேட்டார். தம்பி மனைவி குறுக்கிட்டு, ஆமாம் என்றாள். பெண் வீட்டாரின் நடுக்கம் பற்றிய இரண்டாம் பாகத்துக்குத் தரவுகள் அந்த நாள் முதல் சேர்ந்துவருகின்றன.