கடுதாசி கெடச்சுது, எப்பம் வரணும்?

கெடச்சுது சித்தப்பாவுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. தினசரி காலண்டரில் கடுகளவு எழுத்தில் அச்சாகும் எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம் எல்லாவற்றையும் மூக்குக்கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே படித்துவிடுவார். ராகு காலம் என்றால் காலண்டரே தேவையில்லை. திங்கள் ஏழரை முதல் ஒன்பது, சனி ஒன்பது முதல் பத்தரை, வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு என்று தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்வார். அவருக்குப் புரியாத எழுத்து ஒன்றுதான் உண்டு: நாள், இடம், நேரம் மூன்றையும் போட்டு அவர் பெயருக்கே வந்த கடிதம்.

இவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பவர். குறிப்பாக யாரையும் மனதில் வைத்து நான் எழுதவில்லை. அவர் திருச்சியில் இருக்கிறார், பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வேட்டியை மடித்துக் கட்டினால் இடது கால்தான் முதலில் தெரியும். மற்றபடி பொதுவாகத்தான் சொல்கிறேன்.

எங்கள் வகையறாவில் குலதெய்வக் கோயில் கடிதம் எழுதுவது என் வேலை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஆட்களுக்குப் பங்குனி உத்திரம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. காரையாறு சொரிமுத்து அய்யனாரில் தொடங்கி, குளத்தங்கரையில் பெயர்ப்பலகைகூட இல்லாமல் இருக்கும் சாஸ்தா வரை எல்லாருக்கும் அன்று ஆள் வரும். வருஷம் முழுக்கக் காக்கையும் ஆடும் மட்டும் வரும் கோயில் வாசலில் அன்று கார் நிறுத்த இடம் இருக்காது. சென்னை, கோவை, பெங்களூரு என்று சிதறிக் கிடக்கும் பங்காளிகளை ஒரே காலையில் ஒரே வேனில் ஏற்ற வேண்டும். அதற்குத்தான் கடிதம்.

2025இல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. நான் எழுதியதில் முக்கியமானது இவ்வளவுதான்: வெள்ளிக்கிழமை காலை 7.30 மணிக்குத் திருநெல்வேலி ஜங்ஷன் ரயில் நிலைய வாசலிலிருந்து வேன் புறப்படும். 10.30க்கு ராகு காலம் தொடங்குவதால் அதற்கு முன் பொங்கல் பானை அடுப்பில் ஏற்றப்படும். சென்னையிலிருந்து வருகிறவர்கள் வியாழன் இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் சரியாக இருக்கும். இதில் பிடிபடாதது என்ன இருக்கிறது? சங்கப் பாட்டா, உரை தேட?

கடிதம் போய்ச் சேர்ந்த அன்றே போன் வந்தது.

"எய்யா, கடுதாசி கெடச்சுது."

"சந்தோஷம் சித்தப்பா."

"நல்லா எழுதியிருக்க. ஒங்க தாத்தா எழுதுன மாதிரியே இருக்கு."

"சரி சித்தப்பா."

"சரி, எப்பம் வரணும்?"

"அதுலயே போட்டிருக்கே சித்தப்பா."

"போட்டிருக்கு, போட்டிருக்கு. நீ சொல்லு."

சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "இன்னொரு விஷயம். 'வெள்ளிக் கிழமை'ன்னு பிரிச்சுப் போட்டுட்ட. சேத்துதான் எழுதணும்" என்றார்.

"மாத்திக்கிடுதேன் சித்தப்பா."

"அப்பம் வியாழக்கிழமதான?"

இங்கேதான் எனக்கு மூச்சடைக்கும். அந்தச் சொல்லை அவர் படிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். படித்திருக்கிறார். வெள்ளிக்கும் கிழமைக்கும் நடுவே இருந்த இடைவெளியை அளந்தே பார்த்திருக்கிறார். வெள்ளியை மட்டும் விட்டுவிட்டார்.

அவர் படித்த முறை அப்படி. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, நான்கெல்லை என்று காலம் முழுவதும் காகிதத்தோடு பழகியவர். ஒரு பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறவன் குமாஸ்தா, என்ன எழுதாமல் விட்டிருக்கிறது என்று பார்க்கிறவன்தான் கெட்டிக்காரன் என்பது அவர் கொள்கை. நிலம் வாங்குகிறவனுக்கு அது நல்ல கொள்கை. குலதெய்வத்துக்கு வேன் ஏறுகிறவனுக்கு ஆகாது. "வேன் பொறப்படும்னு போட்டிருக்க, திரும்பும்னு போடலயே" என்றார். திரும்பும் நேரம் கடைசி வரியில் இருந்தது. "சாப்பாடு உண்டுன்னு போடலயே" என்றார். பொங்கல் வைத்துப் படைத்துவிட்டுப் பட்டினியாகவா அனுப்புவோம்? ஒருமுறை 'சந்தேகம் இருந்தால் தொடர்பு கொள்ளவும்' என்ற வரியைத் தந்திரமாக நீக்கிப் பார்த்தேன். உடனே கூப்பிட்டு, "சந்தேகம்னா யாருட்ட கேக்கணும்னு போடாம விட்டுட்டியேய்யா" என்றார்.

கடிதத்தை நான் திருத்தாத விதம் இல்லை. பத்தியாக எழுதியதை எண் போட்டு எழுதினேன். "மூணாவது நம்பர் எனக்கா, எல்லாத்துக்குமா?" என்றார். நேரத்தை மட்டும் தடித்த எழுத்தில் போட்டேன். "எதுக்குக் கறுப்பா இருக்கு, நேரம் மாறிட்டா?" என்றார். கடைசியில் கட்டம் கட்டி அட்டவணையே போட்டேன். இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் நிகழ்ச்சி. "அட்டவணை ரொம்ப நல்லாயிருக்குய்யா. சித்தி அத பிரிட்ஜுல ஒட்டி வச்சிருக்கா. சரி, நமக்கு எப்பம்?"

அந்த 'நமக்கு' என்ற சொல்லில் ஒரு தனி உலகம் இருக்கிறது. ஊருக்கு ஒரு நேரம், நமக்கு ஒரு நேரம். இப்படி நம் நாட்டிலும் இருந்ததுதான். இன்று நாம் பார்க்கும் இந்திய நேரம் 1906 ஜனவரி 1ஆம் தேதிதான் வந்தது. அதற்கு முன் இந்த நாட்டு ரயில்கள் மெட்ராஸ் நேரப்படி ஓடின. இன்றைய நேரத்துக்கு ஒன்பது நிமிஷம்போலப் பின்தங்கியது அது. புதிய நேரம் வந்த பிறகும் பம்பாய்க்காரர்கள் முப்பத்தொன்பது நிமிஷம் பிந்திய தங்கள் சொந்த நேரத்தை 1955 வரை விடவில்லை. பம்பாய் இறங்கி வந்துவிட்டது. சித்தப்பா இன்னும் வரவில்லை.

வியாழன் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதில் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சென்னையில் வியாழன் இரவு புறப்படும் வண்டி திருச்சிக்கு நள்ளிரவு தாண்டித்தான் வரும். ரயில்வேக்கு இரவு பன்னிரண்டு அடித்தால் தேதி மாறிவிடும். திருச்சியில் ஏறுகிறவர் டிக்கெட்டில் வெள்ளிக்கிழமை தேதிதான் இருக்க வேண்டும். இது கடிதத்திலும் இருந்தது, போனிலும் சொன்னேன். ஆனால் பஞ்சாங்கத்துக்குச் சூரியன் உதித்தால்தான் நாள் பிறக்கும். "ராத்திரி சாப்ட்டுட்டு, தூங்காம ஸ்டேஷன்ல உக்காந்திருக்கேன். இன்னும் விடியல. அது எப்படி வெள்ளிக்கெழம ஆகும்?" என்றார். ஆகத்தான் செய்யும், சித்தப்பா. இந்த வழக்கில் பஞ்சாங்கம் உங்கள் பக்கம், டிக்கெட் பரிசோதகர் என் பக்கம்.

அவர் வியாழக்கிழமை தேதிக்கே பதிவு செய்தார். அந்த டிக்கெட்டுக்குரிய வண்டி புதன் இரவு கண் விழித்திருந்தால் ஏறியிருக்க வேண்டியது. வியாழன் இரவு பெட்டியோடு போய் நின்றபோது அவர் படுக்கையில் யாரோ போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். இறங்கிப் பேருந்து பிடித்தார். விடிந்து வெகுநேரம் கழித்து வேய்ந்தான்குளம் புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கடிதத்தில் ரயில் நிலைய வாசல் என்று இருந்தது. அவர் தர்க்கம் எளிது: ரயிலில் வந்தவனுக்கு ரயில் நிலையம், பஸ்ஸில் வந்தவனுக்கு பஸ் ஸ்டாண்ட். சார்ஜ் தீர்ந்துவிடக் கூடாது என்று போனையும் அணைத்து வைத்திருந்தார்.

வேன் காத்திருந்தது. மூத்தவரை விட்டுவிட்டுச் சாமி கும்பிடப் போகலாமா என்று ஒரு கட்சி, போகலாம் என்று சொல்ல வாய் வராத இன்னொரு கட்சி. ஒருவழியாக அவரைக் கண்டுபிடித்து ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை தாண்டிவிட்டது. பூசாரி அடுப்பைப் பார்த்தார், வாட்ச்சைப் பார்த்தார், ஆலமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். சித்தப்பா மட்டும் பதறிப்போனார்.

"வெள்ளிக்கெழம பத்தரைக்கு மேல எவனாவது பான ஏத்துவானா? நேரங்காலத்தப் பாத்து முன்னமே ஒரு கடுதாசி போட்டிருக்கப்பிடாதா?"

அவரிடம் கோபப்படவும் முடியாது. அவர் தலைமுறையில் கல்யாணம் என்றால் வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். தபாலில் வரும் பத்திரிகை தூரத்து உறவுக்கு. தபாலில் மட்டும் வந்தது என்பதற்காகவே போகாமல் விட்ட கல்யாணங்களின் பட்டியல் அவரிடம் இருக்கிறது. அந்தக் கணக்கில் என் கடிதம் வெறும் தகவல். "எப்பம் வரணும்?" என்று அவர் கேட்பது மணியை அல்ல. "நீங்க அவசியம் வரணும் சித்தப்பா, நீங்க வந்தாத்தான் பான ஏத்துவோம்" என்று யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொன்னதும் போனிலேயே குரல் மாறும். உன் முதுகுவலி எப்படி இருக்கு, பிள்ளைக்குப் பரீட்சை முடிந்ததா என்று எல்லாம் விசாரிப்பார். எங்கள் வகையறாவில் வேறு யாரும் என் முதுகை விசாரிப்பதில்லை. கடிதத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் எனக்குப் போன் செய்வதே இல்லை.

ஆனால் அன்று காத்திருந்தவர்களையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வகையறாவில் ஒரு ஆச்சி இருக்கிறார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். கடிதத்தைப் பேத்தியிடம் கொடுத்து இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, ஏழு மணிக்கே ஸ்டேஷன் வாசலுக்கு வந்து, வேனில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தவர். சித்தப்பாவுக்காக அவரும் ஏப்ரல் வெயிலில் தகர வேனுக்குள் கிடந்தார். பொங்கல் வைக்கும் வரை பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். ராகு காலம் கழிந்து, பானை ஏற்றி, பொங்கிப் படைத்து முடிக்கும்போது மணி ஒன்றரை. படித்துக்கூட அல்ல, கேட்டு நடந்துகொண்டவருக்குக் கிடைத்த பலன் இது. படித்தும் விட்டவருக்கு முதல் இலை, முதல் திருநீறு, "பாவம், ராத்திரி பூரா பஸ்ல வந்தாரு" என்ற அனுதாபம். சந்தேகம் கேட்கிறவரைச் சுற்றித்தான் எல்லாரும் ஓடுகிறார்கள். சந்தேகமில்லாமல் வந்தவர் ஓரமாக உட்கார்ந்து காத்திருக்கிறார்.

இது நியாயமில்லை. சித்தப்பாவின் மேல் எனக்கு இருக்கும் பாசம் ஆச்சியின் பசியில் கணக்கு எழுதப்படக் கூடாது.

ஆகவே அடுத்த முறை போனில் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். வெற்றிலை பாக்கோடு திருச்சிக்கே போய் அழைக்கவும் தயார். டிக்கெட்டையும் நானே எடுத்துத் தருகிறேன், தேதி உட்பட. வேன் மட்டும் 7.30க்குப் புறப்பட்டுவிடும். ஏழரை எந்த ஏழரை என்று கேட்க நினைப்பவர்கள் ஆச்சியிடம் கேட்டுக்கொள்ளலாம்.