ராகுகாலத்தில் மாலை, நாற்பது வருஷம் கழித்துச் சட்டம்

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம். 1928இல் பெரியார் தலைமையில் அங்கே நடந்ததுதான் முதல் சுயமரியாதைத் திருமணம் என்கிறது இயக்க வரலாறு. ஐயர் இல்லை, ஓமம் இல்லை, அம்மி இல்லை. அதற்குப் பதிலாகச் சொற்பொழிவு. ஓமப்புகையில் கண் எரிவது போய், பேச்சாளர் இறங்கும்வரை பந்தி போடாததில் வயிறு எரியும் புதிய சடங்கு அன்றைக்கு ஆரம்பித்திருக்க வேண்டும்.

"மந்திரம் இல்லாம ஒரு கல்யாணமா?" என்று கொதித்த பெரிசுகள் பலருடைய தாத்தா கல்யாணத்துக்கே ஐயர் வந்ததில்லை. குலத்துப் பெரியவர் தாலியை எடுத்துக் கொடுப்பார், மேளக்காரர் கெட்டிமேளம் கொட்டுவார், அவ்வளவுதான். கையில் நாலு காசு சேர்ந்த பிறகு வீட்டுக்குள் வந்த சாஸ்திரத்தைத்தான் ஆதிகாலத்து வழக்கம் என்று காப்பாற்றக் கிளம்பினார்கள்.

1931இல் அதே வட்டாரத்து விருதுநகரில் சுயமரியாதை மாகாண மாநாடு. தலைமை, பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே.சண்முகம் செட்டியார். இயக்கத்தார் கல்யாணங்களை வீம்புக்கென்றே ராகுகாலத்தில் வைத்தார்கள். பாவம் ராகு, அதுவரை அவரை யாரும் விசேஷத்துக்குக் கூப்பிட்டதில்லை. சிவகாசி அச்சகங்களுக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை. ராகுகாலம், எமகண்டம் போட்ட தினசரிக் காலண்டரும் சுயமரியாதைத் திருமணப் பத்திரிகையும் ஒரே மையில்தான் அச்சாகும்.

1953இல் சென்னை உயர் நீதிமன்றம் குண்டைப் போட்டது. ஏழடி எடுத்து வைக்கவில்லை, வழக்கம் என்று சொல்லவும் வயசு போதாது, ஆகவே இந்தக் கல்யாணம் செல்லாது. பிள்ளை பெற்று, பேரன் எடுத்து, தினம் இருவேளை சண்டையும் போட்டவர்கள் ஒரே தீர்ப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆனார்கள். சொத்தில் கண் வைத்திருந்த பங்காளிகளுக்கு வேதத்தின் மேல் திடீர் பக்தி வர இதைவிட நல்ல முகூர்த்தம் ஏது?

1967. விருதுநகர் தன் சொந்தப் பிள்ளை காமராஜரையே 1,285 வாக்கில் தோற்கடித்து, மாணவர் தலைவர் பெ.சீனிவாசனைச் சட்டசபைக்கு அனுப்பியது. அந்தச் சபையில்தான் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. சொந்தபந்தமோ சிநேகிதர்களோ முன்னிலையில், தங்களுக்குப் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். தாலி கட்டினாலும் சரி. முன்பே நடந்தவையும் செல்லும். 1968 ஜனவரியில் அமலுக்கு வந்தது. மகளுக்கே கல்யாணம் முடித்தவர்கள் ஒரு காலையில் எழுந்தபோது சட்டப்படி தம்பதி. "அப்ப இத்தன வருசம் நான் பொங்கிப் போட்டது எந்தக் கணக்குல?" என்று ஒரு பாட்டியாவது கேட்காமலா இருந்திருப்பாள்?

தர்மம் அழிந்துவிடும் என்றார்கள். அடுத்த ஆவணியிலும் ஊரில் கல்யாணத்துக்குக் குறைவில்லை.

அந்தப் பழைய வசனங்களைத் தூசி தட்டி இப்போது வேறு ஜோடிகளுக்கு வாசிக்கிறார்கள். 2019இல் தூத்துக்குடி வழக்கில், திருநங்கையும் மணமகள்தான் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. அடுத்து, மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிய இரண்டு பெண்களின் வழக்கு. மகளைக் காணவில்லை என்று பெற்றோர் போலீசுக்குப் போக, வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே விஷயம் பிடிபடவில்லை என்று உளவியலாளரிடம் பாடம் கேட்டுவிட்டு 2021இல் அவர்களுக்குச் சாதகமாக உத்தரவு போட்டார். 1953இல் கல்யாணத்துக்கு வயசு கேட்ட அதே கோர்ட்டு!

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத்தார் கல்யாணத்தை நாங்கள் ஏற்க முடியாது, சட்டம் செய்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று கைகழுவியது. கல்யாணச் சட்டம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. சட்டசபை எழுதி ஜனாதிபதி கையெழுத்துப் போட்டால் என்ன நடக்கும் என்பதை ஒருமுறை பார்த்த மாநிலம் இது. கலாச்சாரக் காவலர்கள் மைக் பிடிப்பார்கள், டீக்கடையில் "அடுத்து ஆட்டுக்கும் மாட்டுக்குமா?" என்பார்கள். சிவகாசியில் பத்திரிகை அடிக்கிற அண்ணாச்சியிடம் கேட்டால், ஒரே அட்டையில் இரண்டு திருவளர்செல்வி வருவதைப் பற்றி அவருக்கு ஒரே கேள்விதான் இருக்கும்: "எத்தன காப்பி? அட்வான்ஸ் எவ்வளவு தாரீக?"