மீதி வேலையை நாங்களே முடித்துக்கொண்டோம்

பெறுநர்:
உயர்திரு பொது மேலாளர் அவர்கள்,
அரை எச்.பி. மோட்டாரை ஊரிலேயே மலிவாக விற்கும் கம்பெனி.

பொருள்: தங்கள் மோட்டாரைச் செய்து முடித்ததற்குக் கூலி கேட்டல்.

ஐயா,

தங்கள் மோட்டார் வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் எப்போது தண்ணீர் ஏறுகிறது என்பது தெருவுக்கே தெரியும்.

சத்தம் பற்றி சர்வீஸ் சென்டருக்கு போன் செய்தேன். "புது மோட்டார் அப்படித்தான் சார் இருக்கும், ஓட ஓட சரியாயிடும்" என்றார்கள். ஓடியது, வாரண்டி முடிந்தது. மறுபடி கேட்டால், "பழைய மோட்டார்னா அப்படித்தான் சார்!" இரண்டுக்கும் நடுவே அது நல்ல மோட்டாராக இருந்த நாளை முன்கூட்டியே சொல்லியிருந்தால், பொங்கல் வைத்துக் கொண்டாடியிருப்போம்.

வாரண்டி அட்டையையும் படித்தேன். தண்ணீரில்லாமல் ஓடினால் செல்லாது, வோல்டேஜ் ஏறி இறங்கினால் செல்லாது, வெளி ஆள் திறந்தால் செல்லாது. பெட்டியைப் பிரிக்காமல் பீரோவில் பூட்டி வைப்பவருக்கு மட்டும் முழு வாரண்டி.

கடைசியில் தெருமுனை மெக்கானிக் வந்தார். ஸ்க்ரூடிரைவர் நுனியை பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். "சீல் கசிஞ்சு தண்ணி பேரிங்குக்குப் போயிருக்கு சார்." கழற்றினால், நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்குமேல் சுற்றும் தண்டைத் தாங்கும் பேரிங்கில் கிரீஸுக்குப் பதில் துரு. சீலும் பேரிங்கும் புதிதாகப் போட்டோம்.

அடுத்து, சுவிட்சைப் போட்டால் மோட்டார் சுற்றாமல் "ம்ம்ம்" என்று முனகியது. உடனே அணைத்ததால் காயில் எரியாமல் பிழைத்தது. கெப்பாசிட்டர் மேல் 10 மைக்ரோஃபாரட் என்று அச்சடித்திருக்கிறீர்கள். மீட்டரில் அதில் பாதிகூடக் காட்டவில்லை. அதையும் மாற்றினோம்.

அப்புறமும் படுக்கையறைச் சுவர் அதிர்ந்தது. மோட்டாரை சிமென்ட் மேடையில் முடுக்க போல்ட் கொடுத்த நீங்கள், அடியில் வைக்க ஒரு ரப்பர் துண்டு கொடுக்கவில்லை. அதிர்வு மேடை வழியாகவும் குழாய் வழியாகவும் சுவருக்கு ஏறிக்கொண்டிருந்தது. கனமான ரப்பர் ஷீட்டை அடியில் வைத்து, மேலேறும் குழாயில் ஒரு முழம் ரப்பர் ஹோஸ் சேர்த்ததும் வீடு அடங்கியது.

இதில் சாமான் செலவு சொற்பம். கழற்றி மாட்டும் கூலிதான் அதிகம். தங்கள் தொழிற்சாலையில் எப்படியும் மாட்டத்தானே போகிறார்கள்? அங்கேயே நல்லதை மாட்டியிருந்தால் அந்தக் கூலி யாருக்குமே இல்லை. தாங்கள் சில ரூபாய் மிச்சம்பிடித்தீர்கள். அதற்கு நாங்கள் பல மடங்கு கட்டினோம்.

எனவே, மெக்கானிக் கூலி ரசீதை இணைத்துள்ளேன். தர மனமில்லையென்றால், இனி பெட்டிமேல் 'மோட்டார்' என்று போடாமல், 'மோட்டார் செய்யத் தேவையான சாமான்கள்' என்று அச்சடித்துவிடுங்கள். யாரும் புகார் சொல்ல மாட்டோம்.

இப்படிக்கு,
தங்கள் சம்பளப் பட்டியலில் விடுபட்ட ஊழியன்