ஏரிக்குப் போட்ட திட்டம்

சுற்றுலா போவதைவிட அதற்குத் திட்டம் போடுவதில்தான் எனக்கு ருசி அதிகம். கால்கரியில் ஜனவரி மாதம் வெளியே எச்சில் உறையும் குளிர். உள்ளே நான் எக்செலைத் திறந்து வைத்து, டீஃபன்பேக்கர் ஏரியில் பிள்ளைகள் நீந்தும் நேரத்தைக் கட்டத்தில் நிரப்பிக்கொண்டிருப்பேன். நீச்சலுக்கு மஞ்சள், சமையலுக்கு ஆரஞ்சு. மே மாத நீண்ட வார இறுதி, சஸ்காட்சுவானின் டக்ளஸ் மாகாணப் பூங்கா, மின் இணைப்புள்ள இடம். மனைவி எட்டிப் பார்த்து, "நம்ம கல்யாணத்துக்குக்கூட நீங்க இவ்வளவு மெனக்கெடலையே" என்றாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

முதல் சறுக்கல் கடிகாரத்தில். சஸ்காட்சுவானில் அநேகமாக எங்கும் வருஷம் முழுக்கக் கடிகார முள்ளைத் தொடுவதில்லை. அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் எங்களுக்கு ஒரு மணி நேரம் முந்தி. மார்ச்சில் எங்கள் ஆல்பர்ட்டா முள்ளை நகர்த்தியதும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. தெரியாமல் இல்லை, ஜனவரியில் குறித்து வைத்த நேர வித்தியாசத்தை ஏப்ரலில் திருத்தவில்லை, அவ்வளவுதான். ஏழு மணிக்குத் திறக்கும் முன்பதிவுக்கு ஆறு மணிக்கே உட்கார்ந்தேன். பக்கம் திறக்கவில்லை. கோளாறு அவர்களிடம்தான் என்று தீர்ப்பு வழங்கிவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். விழித்தபோது எட்டரை. மின் இணைப்புள்ள இடமெல்லாம் போய்விட்டது. கிடைத்தது, மின்சாரம் இல்லாத, காற்றுக்கு முகம் காட்டிய ஓரிடம்.

இடம் மாறியது, எக்செல் மாறவில்லை. பட்டியலில் இருந்தபடியே ரைஸ் குக்கரும், பிளக்கில் செருகினால் மட்டும் வேலை செய்யும் காற்று பம்பும் காரில் ஏறின. பட்டியலை மீறக் கூடாதல்லவா.

வழியில் சாப்ளின் ஊரருகே வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். "இன்னும் ஸ்னோ கரையலையா?" என்று மகள் கேட்டாள். அது அங்குள்ள உப்பு ஏரியிலிருந்து எடுக்கும் சோடியம் சல்ஃபேட் என்று விளக்கினேன். அந்தப் பயணத்தில் நான் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான் என்று பின்னால் குடும்பம் முடிவு செய்தது.

ஏரிக்கு வந்தால், தண்ணீர் எங்கோ தள்ளிக் கிடந்தது. டீஃபன்பேக்கர் இயற்கை ஏரி அல்ல. தென் சஸ்காட்சுவான் ஆற்றை மறித்து உண்டாக்கிய நீர்த்தேக்கம். குளிர்காலம் முழுக்க மின் உற்பத்திக்குத் தண்ணீரைத் திறந்துவிடுவதால் வசந்தத்தில் மட்டம் இறங்கிக் கிடக்கும். ராக்கி மலைப் பனி உருகி வந்தால்தான் ஏறும். அந்தப் பனிநீர் வரும் வழியைத்தான் நான் யோசிக்கவில்லை. எங்கள் ஊர் நடுவே ஓடும் போ ஆறுதான் ஓல்ட்மேன் ஆற்றோடு கூடித் தென் சஸ்காட்சுவானாகி அங்கே போய்ச் சேர்கிறது. ஊரில் மே மாதம் விரல் வைக்கவே நான் துணியாத அதே ஆற்றில் பிள்ளைகளை நீந்த விடுவதற்காக, ஒரு நாள் முழுக்கக் கார் ஓட்டி வந்திருந்தேன்.

மகன் கணுக்கால்வரை இறங்கினான். "அப்பா, நீச்சலுக்கு எவ்வளவு நேரம் போட்டிருக்கீங்க?"

"ரெண்டு மணி நேரம்."

திரும்பிப் பார்க்காமல் காருக்குப் போய்விட்டான். மஞ்சள் கட்டம் அத்தோடு முடிந்தது.

டென்ட் இன்னொரு கதை. அந்தப் பூங்கா மணல்மேடுகளுக்குப் பேர்போனது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். ஆனால் கொண்டு போனதோ கட்டாந்தரைக்கான குட்டை முளைகள். புல்வெளிக் காற்றுக்குத் தடுப்பு ஏது? டென்ட் பக்கத்து இடத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் அதை ஒரு காலால் மிதித்துப் பிடித்தார். நான் ஓடி வருவதற்குள் முழ நீள முளைகளை எடுத்து வைத்திருந்தார். எங்கள் குக்கரை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர். அன்று இரவு ஆரஞ்சுக் கட்டத்தில் இருந்த சாம்பார் சாதம் ரொட்டியும் இட்லிப் பொடியுமாக மாறியது. காற்றில்லாத மெத்தையில் படுத்து மணலின் மேடு பள்ளங்களை முதுகால் அறிந்தோம்.

மறுநாள், நீந்த வேண்டிய நேரத்தில், கார்டினர் அணையைப் பார்க்கப் போனோம். 1967-இல் முடிந்த மண் அணை. 64 மீட்டர் உயரம், ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளம். அதன் மேல் கார் ஓட்டியபடியே எனக்குப் பிடித்த தகவலை எடுத்துவிட்டேன். அணை கட்டியபோது 5 லட்சம் ஏக்கருக்குப் பாசனம் என்று கணக்குப் போட்டார்கள். கட்டி முடித்து அரை நூற்றாண்டு ஆன பிறகும் அதில் பாதிகூடத் தேறவில்லை. பெரிய பெரிய என்ஜினியர்களுக்கே கட்டம் தப்பியிருக்கிறது, நான் எம்மாத்திரம் என்றேன்.

மனைவி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்க ஏரியையாவது கொண்டு வந்தாங்க. நீங்க பம்ப்புக்கு ஒரு பேட்டரி கொண்டு வரலையே."