மயானச் சீட்டு சாஸ்திரம்

அவரைக்காய் ஆய்வது முதல் அம்மி கொத்துவது வரையில் சகல காரியங்களுக்கும் முறை வகுத்த நம் முன்னோர், மாண்ட சீட்டுகளைக் கொண்டு உயிருள்ள எதிரிகளை வெல்லும் வித்தைக்கு மட்டும் ஒரு சூத்திரமும் எழுதிவைக்காமற் போனது பெருங்குறையெனக் கருதி, தென்னேரி ஏரிக்கரையில் வசிப்பதையன்றி வேறொரு யோக்கியதையும் இல்லாத அடியேன், அக்குறையை நிவர்த்திக்கத் துணிந்தேன். ஆராய்ச்சிக்குரிய பொருள், ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் வகுத்து, 1993ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற மாயச் சீட்டாட்டம், அதிலும் விசேஷமாக, நால்வர் வட்டமாக அமர்ந்து ஒருவரையொருவர் சந்தேகித்து ஆடும் ‘கமாண்டர்’ என்ற வகை.

முதற்கண் லட்சணம். ஆளுக்கு 100 சீட்டு கொண்ட ஒரு கட்டு, அச்சீட்டுகளுள் ஒன்று தளபதி, அடிப்படை நிலச் சீட்டுகள் நீங்கலாக எதுவும் இருமுறை வரலாகாது, ஆயுள் 40. ஓதி முடிந்த மந்திரமும், போரில் வீழ்ந்த பூதமும், கையிலிருந்து கழிந்த சீட்டும் அவரவர் மயானத்தில் முகம் மேலாகக் கிடக்கும். யாரும் எப்போதும் பார்க்கலாம். ரம்மியில் கழித்த குவியலின் மேற்சீட்டு ஒன்றுக்கே மறுவாழ்வு உண்டு. இங்கோ அடியில் கிடப்பதும் எழுந்து வரும்.

‘மாண்டது மாண்டதுதானே, அதில் என்ன லாபம்?’ என்பது பூர்வபட்சம். பழைய பட்டுப்புடவை கேட்டுத் தெருவில் குரல் கொடுத்து வருகிறவர், இழை விட்டுப்போன முகூர்த்தப் புடவையை வாங்கிச் சென்று, எரித்து, சரிகையிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்கிறார் என்பதை அறிந்த காஞ்சிபுரத்து மனிதர் எவரும் இந்த ஆட்சேபத்தைப் பொருட்படுத்தமாட்டார்.

இவ்வித்தையின் ஆதி ஆசாரியர் சுக்கிராசாரியார். களத்தில் விழுந்த அசுரரை மிருதசஞ்சீவினி மந்திரத்தால் எழுப்பி மறுபடியும் போருக்கு அனுப்பிய அம்மகானின் வழியைப் பின்பற்றியே, முதல் தொகுதியிலேயே ‘அனிமேட் டெட்’ என்ற சீட்டும், பின்னர் ‘ரீஅனிமேட்’ என்ற சீட்டும் வந்தன என்று கொள்வதில் தவறில்லை. பின்னது, சீட்டுக்கு விலையாகக் கொடுக்கும் மானா என்னும் மந்திர சக்தியில் கறுப்பு ஒன்றே ஒன்றுக்கு எத்தகைய பெரும்பூதத்தையும் எழுப்பித் தரும். ஆனால் அப்பூதத்தின் அசல் விலை எவ்வளவோ அவ்வளவு ஆயுளைப் பிடித்துக்கொள்ளும். எழுப்புதற்குப் பிணம் வேண்டுமாதலால், ‘என்டூம்’ என்ற சீட்டு, வேண்டிய பூதத்தைக் கட்டிலிருந்து தேடியெடுத்து நேரே மயானத்தில் சேர்க்கிறது. ‘கோல்காரி கிரேவ்-ட்ரோல்’ என்ற பூதமோ, புதுச் சீட்டு எடுப்பதற்குப் பதிலாகக் கட்டின் மேலுள்ள 6 சீட்டுகளை மயானத்தில் தள்ளிவிட்டுத் தான் மட்டும் கைக்குத் திரும்பிவிடும். 2018இல் தோன்றிய ‘முல்ட்ரோத்தா’ என்ற தளபதியைக் கொண்டவர், மயானத்தையே இரண்டாவது கையாகப் பாவித்து, தம் முறை வரும்போதெல்லாம் ஒரு நிலத்தையும், களத்தில் நிலைக்கும் சீட்டுகளில் வகைக்கு ஒன்றையும் அங்கிருந்தே ஆடலாம்.

தமிழிலும் பிரமாணம் இல்லாமலில்லை. குலோத்துங்க சோழன் காஞ்சியிலிருந்து கருணாகரத் தொண்டைமானை ஏவி நடத்திய கலிங்கப் போரைப் பாடிய செயங்கொண்டார், வெற்றியைச் சொன்ன கையோடு, களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் அட்டு உண்டதையும் விரித்துரைக்கிறார். எந்தப் பக்கத்து வீரன் விழுந்தாலும் பேய்க்கு நஷ்டமில்லை என்பதே அதில் ஆட்டக்காரர் கவனிக்கத்தக்க நுட்பம். மேற்சொன்ன ‘அனிமேட் டெட்’, ‘ரீஅனிமேட்’ என்ற இரு மந்திரச் சீட்டுகளும் எவர் மயானத்திலிருந்தும் பூதத்தை எழுப்புமாகையால், மற்ற மூவர் மோதிக்கொள்ளுந்தோறும் நமக்கு வருமானமே. ஆகவே அம்மூவருள் யாரையும் சமாதானப்படுத்த முயல்வது மடமை.

இனி இடையூறு. ‘போஜூகா பாக்’ என்ற நிலம் களத்தில் வந்த மாத்திரத்தில் ஒருவருடைய மயானம் முழுவதையும் ஆட்டத்துக்கு வெளியே துரத்திவிடும். ‘டார்மாட்ஸ் கிரிப்ட்’ அதே காரியத்தைச் செல்லாக்காசும் வாங்காமல் செய்யும். ‘ரெஸ்ட் இன் பீஸ்’ நால்வர் மயானத்தையும் துடைப்பதோடு, இனி எச்சீட்டும் அங்கே போகாதபடியும் தடுத்துவிடும். இவ்வுபாயத்தை அசுரர் முன்பே அறிந்திருந்தனர். சுக்கிராசாரியாரிடம் அம்மந்திரத்தைக் கற்கச் சீடனாக வந்த கசனை இருமுறை கொன்றும் குரு எழுப்பிவிட்டாராகையால், மூன்றாம் முறை அவனைச் சுட்டுச் சாம்பலாக்கி, மதுவில் கலந்து, குருவுக்கே குடிக்கக் கொடுத்தார்கள். அப்போதும் கசன் வயிற்றினுள்ளிருந்தே மந்திரத்தைக் கற்றுக்கொண்டு வெளிவந்து, மாண்ட குருவை எழுப்பினான். மயானம் போனாலும் வித்தை கையில் இருக்கவேண்டும் என்பது அதன் தாத்பரியம்.

இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்த்தால் விளங்கும் சித்தாந்தம் இது: இருவர் ஆட்டத்தில் மயானக் கட்டுக்குச் சத்துரு வேகம், நால்வர் ஆட்டத்திலோ அதன் சத்துரு கண்ணேறு. முப்பது சீட்டை முதல் நான்கு சுற்றிலேயே மயானத்தில் குவித்துப் பெருமிதத்துடன் நிமிர்கிறவரை, அதுவரையில் பரஸ்பரம் பகைத்திருந்த மூவரும் ஒரே குரலில் எதிர்ப்பர். ஆகையால் மயானத்தைத் தேவைக்கு மேல் வளர்க்காதீர்கள். எழுப்பும் மந்திரம் கையில் இருக்கும்போது மட்டும் பெரும்பூதத்தைப் புதையுங்கள். தளபதியின் நிறத்துக்குப் புறம்பான சீட்டைக் கட்டில் சேர்க்கலாகாது என்பது விதியாதலால், எதிரே அமர்ந்திருப்பவர் தளபதியிடம் கறுப்பு நிறம் காணப்படின், போஜூகா பாக் அவர் கட்டில் உண்டென்றே வைத்துக்கொண்டு ஆடுங்கள்.