கண் திறந்த கதை

ஒக்கி என்றால் வங்கமொழியில் கண்ணாம். புயலுக்கு அந்தப் பெயர் வைத்தது வங்கதேசம். 2017 நவம்பர் 30-ல் அந்தக் கண் நம் கடலில் திறந்தது. அரசாங்கங்கள் கண் திறக்கத்தான் கொஞ்சம் தாமதம். அதற்குள் மீனவர்களே வள்ளம் இறக்கித் தங்கள் ஆட்களைத் தேடப் போய்விட்டார்கள்.

கேரளத்தின் திருப்புறத்திலிருந்து கொஞ்ச தூரம் போனால் பூவாறு, அடுத்து பொழியூர், அதைத் தாண்டினால் நீரோடி, தமிழ்நாடு. காற்றுக்கு எல்லைக்கல் தெரியவில்லை. நிவாரணத்துக்குத் தெரிந்தது: இறந்தவர் குடும்பத்துக்குக் கேரளம் 20 லட்சம் அறிவித்தபோது தமிழ்நாடு 10 லட்சத்தில் நின்றது. மறியலுக்குப் பிறகுதான் அதுவும் 20 ஆனது.

காணாமல் போனவர் கதை தனி. ஏழு வருடம் தகவல் இல்லாவிட்டால்தான் செத்ததாகக் கொள்ளலாம் என்றது சாட்சியச் சட்டம். கரையில் நிற்பவளிடம் மரணச் சான்றிதழ் கேட்டால் அவள் யாரிடம் போய் வாங்குவாள், கடலிடமா? பிறகு விதியைத் தளர்த்தினார்கள், அதற்கும் ஓர் உத்தரவு போட்டு.

வேகமாக நகர்ந்த கோப்பும் ஒன்று உண்டு. ஒக்கிச் சேதம் பார்க்க வந்த மத்தியக் குழுவைச் சந்திக்கக் கேரள முதல்வர் திருச்சூரிலிருந்து ஹெலிகாப்டரில் பறந்தார். வாடகை 8 லட்சம், பேரிடர் நிதியிலிருந்து தர உத்தரவு. ஊர் சிரித்ததும் அந்த உத்தரவை ரத்து செய்தார்கள். அதுவும் வேகமாகத்தான்.